குடும்ப டிக்கெட்

1793ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் தேதி, ஆற்றுக்கு வடக்கே உள்ள மேட்டு நிலத்தில் கிழக்குப் படையும் மேற்குப் படையும் மோதின. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு படைகளும் பின்வாங்கின. இரண்டு தளபதிகளும் தத்தம் தலைநகருக்கு வெற்றிச் செய்தி அனுப்பினார்கள்.

அந்த மேட்டைப் பார்க்க இப்போது கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பார்ப்பதற்கு அங்கே புல் இருக்கிறது. புல்லைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியைச் சுற்றிக் கடைகள். கடைகளில் பிளாஸ்டிக் வாள், தெர்மாகோல் கேடயம், பீரங்கி வடிவத்தில் பென்சில் சீவும் டப்பி. ஊரில் உள்ள பல் மருத்துவர்கூடத் தன் பலகையில் 'தளபதி' என்று போட்டுக்கொண்டிருக்கிறார். செத்துப்போனவர்களின் எண்ணிக்கையை ஒரு கல்லில் பொறித்து, அதன் பக்கத்திலேயே குளிர்பான விளம்பரத்தை நட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் இரண்டும் படத்தில் விழும்படி நின்று பல்லைக் காட்டுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை இந்த ஊருக்கு இரண்டு ரயில்களில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். கிழக்கேயிருந்து வந்த ரயிலில் ஓர் அப்பாவும் மகளும். மேற்கேயிருந்து வந்ததில் அந்த மகளின் மாமியார், கணவன், கணவனின் அக்கா புருஷன். மகள் புகுந்த வீட்டைவிட்டு வந்து மாதக்கணக்காகிறது. பேசித் தீர்க்க ஓர் இடம் வேண்டும். இவர்கள் வீட்டுக்கு அவர்கள் வரமாட்டார்கள். அவர்கள் வாசலை இவர்கள் மிதிக்கமாட்டார்கள். ரயில்வேயில் கன்ட்ரோலராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா கால அட்டவணையை விரித்துவைத்து, இரண்டு ஊருக்கும் சரிபாதியில் இருக்கும் ஸ்டேஷன் இதுதான் என்று கண்டுபிடித்தார். வாழ்க்கையில் அவர் சரியாகக் கண்டுபிடித்தது இது ஒன்றாக இருக்கலாம். "அப்படியே சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்று மாமியார் போனிலேயே சம்மதித்துவிட்டார்.

மகளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் மருந்தாளுநர். வேறொரு நகரத்து மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை அசல் சான்றிதழ்களைக் காட்டிச் சேர வேண்டும். காட்டாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். படித்த சான்றிதழ், பார்மசி கவுன்சிலில் பதிந்த சான்றிதழ் எல்லாமே ஒரு பச்சை ஃபைலில் இருந்தன. கல்யாணமான புதிதில் "பத்திரமா இருக்கட்டும்" என்று மாமியார் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிய ஃபைல் அது. வேலைக்குப் போகக் கூடாது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பீரோ சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

அந்த ஃபைல் இன்று மாமியாரின் பழுப்புக் கைப்பையில் வந்திருந்தது, கொடுப்பதற்காக அல்ல. கையில் இருக்கிறது என்று காட்டுவதற்காக. ஸ்டேஷன் வாசலில் சந்தித்ததும் அவர் பையைத் திறந்து ஃபைலின் மூலையை மட்டும் வெளியே இழுத்தார். "கொண்டு வந்திருக்கேன். நீ நடந்துக்கறதப் பொறுத்து" என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினார்.

அப்பாவின் வழக்கு வேறு. எப்போதோ ஒரு விசேஷத்தில் சம்பந்தியம்மா அவரைப் பற்றிப் பந்தியில் ஒரு வார்த்தை விட்டிருந்தார்: ரயில் போனப்புறம் பச்சைக்கொடி காட்றவர். பந்தி முழுக்கச் சிரித்தது. அதற்கு அந்தம்மா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் வந்த காரணம். ஃபைலை முதலில் கேளுங்கள் என்று மகள் ரயிலில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஃபைல் எங்கடி ஓடிப்போகுது? மொதல்ல அந்தம்மா தப்புதான்னு சொல்லட்டும்."

அக்கா புருஷன் கட்டட கான்ட்ராக்டர். போர் பற்றிய வீடியோக்களைப் பார்த்தே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர். ராணுவப் புள்ளி போட்ட தொப்பி ஒன்றை இந்தப் பயணத்துக்கென்றே வாங்கியிருந்தார். பேச்சுவார்த்தையை நடத்துவது தான்தான் என்று அவராகவே முடிவுசெய்திருந்தார். கணவன் கார் ஷோரூமில் விற்பனையாளன். வீட்டுக்கு வெளியே எல்லாரிடமும் பேசத் தெரிந்தவன். ஸ்டேஷனில் மனைவியைப் பார்த்ததும், "சாப்டியா?" என்று கேட்டான். அவள் பதில் சொல்வதற்குள் ரயில் இன்ஜினோடு படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டான்.

பேசுவதற்கு இடம் தேடினார்கள். விடுமுறைக் காலம். ஓட்டல்களில் சாப்பிட்டவர்களின் பின்னால் அடுத்த ஆட்கள் நின்றார்கள். கடைசியில், உள்ளே போனால் உட்கார இடமிருக்கும் என்று வேலிக்குள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள்.

டிக்கெட் ஜன்னலில் கட்டணப் பலகை தொங்கியது. தனித்தனியாக எடுத்தால் ஒரு விலை. ஐந்து பேர்வரை குடும்ப டிக்கெட் என்றால் அதில் பாதிகூட இல்லை. ஜன்னலில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, எல்லாரும் ஒரே குடும்பமா என்று கேட்டார். மாமியார் பலகையைப் பார்த்தார். அப்பா பலகையைப் பார்த்தார். கான்ட்ராக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"ஒரே குடும்பம்தான்" என்றார்கள் மூன்று பேரும்.

மாதக்கணக்கில் தூதுபோன உறவினர்களால் வரவழைக்க முடியாத வார்த்தையை ஒரு தள்ளுபடி வரவழைத்தது. அடுத்த நிமிடமே அந்தக் குடும்பம் காசு யார் கொடுப்பது என்று சண்டைக்கு நின்றது. அப்பா நீட்டிய கையைக் கான்ட்ராக்டர் தட்டிவிட்டார். கான்ட்ராக்டரின் மணிக்கட்டை அப்பா பிடித்துக்கொண்டார். வரிசை பின்னால் நீண்டது.

பைகள் வைக்கும் கவுன்டர் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே பை எடுத்துப் போகக் கூடாது. மாமியார், இதில் முக்கியமான பேப்பர் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார்.

"எல்லார் பையிலயும் முக்கியமான பேப்பர்தாம்மா இருக்கு, வைங்க" என்றார் கவுன்டர்காரர்.

அந்த நேரம் ஜன்னலில் அப்பாவின் கை மேலோங்கிக்கொண்டிருந்தது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, நீங்களே குடுங்க. நாம ஒண்ணும் கொறஞ்சு போயிடல" என்று கத்திக்கொண்டே, பையை மேஜையில் வைத்துவிட்டு அங்கே ஓடினார். மாப்பிள்ளை என்றதும் படம் எடுத்துக்கொண்டிருந்த கணவனும் திரும்பினான். அவனுடைய மாமனாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் இந்தக் குழப்பம் நாள் முழுக்க நடந்தது.

கவுன்டர்காரர் ஐந்து பேரின் பைகளையும் ஒரே தட்டில் அடுக்கினார். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு டோக்கன். சண்டையில் சேராமல், படமும் எடுக்காமல் பக்கத்தில் நின்றவள் மகள் ஒருத்திதான். பித்தளை டோக்கனை அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள். டோக்கன் அப்பாவிடம் இருப்பதாகக் கான்ட்ராக்டரும், கான்ட்ராக்டரிடம் இருப்பதாக மாமியாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா எதையும் நினைக்கவில்லை. காசு கொடுத்து ஜெயித்த களிப்பில் இருந்தார்.

உள்ளே ஒரு வழிகாட்டி ஒட்டிக்கொண்டார். முதல் கேள்வியே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பதுதான். அது மரியாதைக்குக் கேட்கும் கேள்வி அல்ல, தொழில். கிழக்கத்தியர்களுக்குக் கிழக்குப் படை ஜெயித்த கதையையும் மேற்கத்தியர்களுக்கு மேற்குப் படை ஜெயித்த கதையையும் அவர் ஒரே குரலில், ஒரே இடத்தில் கண்ணீர் துளிர்க்கச் சொல்வார். அப்பா கிழக்கு என்றார், மாமியார் மேற்கு என்றார். வழிகாட்டி கொஞ்சம் திணறி, இரண்டு பக்கமுமே வீரத்தோடு போரிட்டன என்று ஆரம்பித்தார். கான்ட்ராக்டருக்கு அது பிடிக்கவில்லை. மேற்குப் படையின் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று அவர் எடுத்துச் சொன்னார். வழிகாட்டி அதையும் ஒப்புக்கொண்டார். பீரங்கி முழுநிலவை நோக்கிச் சுட்டது என்று சொல்லியிருந்தாலும் ஒப்புக்கொண்டிருப்பார்.

வழிகாட்டி அடுத்த கூட்டத்தைப் பிடிக்கப் போனதும் உட்கார இடம் கிடைத்தது. கடைசி அறை, சமாதானப் பேச்சு நடந்த அறை. போருக்குப் பிறகு இரண்டு தரப்புத் தூதர்களும் இங்கே உட்கார்ந்து, யார் முதலில் உட்காருவது என்றே தகராறு செய்து கலைந்தார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. நடுவில் நீள மேஜை, இரண்டு பக்கமும் நாற்காலிகள், சுற்றிச் சிவப்புக் கயிறு. நாற்காலியில் இருக்க வேண்டிய தூதர்களின் சிலைகள் வர்ணம் பூசப் போயிருந்தன. கால் வலித்த மாமியார் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டதால் அப்பாவும் எதிரே உட்கார்ந்தார்.

பேச்சு தொடங்கியது. அப்பா பச்சைக்கொடியைத்தான் முதலில் எடுத்தார். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் மாமியார். சொன்னாலும் அது வேடிக்கைக்குத்தான் என்றார் கான்ட்ராக்டர். சொல்லாததை எப்படி வேடிக்கைக்குச் சொல்ல முடியும் என்று அப்பா மடக்கினார். கணவன் இரண்டு பக்கமும் சேராமல் மேஜையின் முனையில் உட்கார்ந்து மை இல்லாத இறகுப் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தான்.

வாசலில் ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து நின்றது. கயிற்றுக்கு உள்ளே மேஜை, எதிரெதிரே ஆட்கள், நடுவில் ராணுவத் தொப்பி. நாடகம் நடக்கிறது என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். போன்கள் மேலே எழுந்தன. பின்னால் இருந்தவர்களுக்காக முன்னால் இருந்தவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆள் பார்க்கிறார்கள் என்றால் வெட்கப்பட்டு எழுந்திருக்கிறவர்கள் உண்டு. இவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாமியாரின் குரல் கணீரென்று ஆனது. அப்பா மேஜையைத் தட்டினார்.

மகள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். "ஃபைலக் குடுத்துடுங்க அத்தை. எனக்குத் திங்கக்கிழமை போகணும்" என்றாள்.

"நீ சும்மா இரும்மா, பெரியவங்க பேசறோம்ல" என்றார் அப்பா.

"கேட்டீங்களா, உங்கப்பாவே சொல்லிட்டாரு" என்றார் மாமியார்.

கூட்டம் சிரித்தது. ஒருவர் கை தட்டினார். அன்று இரு தரப்பும் ஒத்துப்போன இடம் டிக்கெட் ஜன்னலுக்கு அடுத்து இதுதான். அவள் கொஞ்ச நேரம் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் கூட்டத்தில் யார் கை தட்டியது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கணவன் நிமிர்ந்தான்.

"எங்க போற?"

"வெளிய."

"சீக்கிரம் வா. கடைசில எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுக்கணும்."

கவுன்டரில் டோக்கனை நீட்டினாள். கவுன்டர்காரர் தட்டை இழுத்து, எல்லாப் பையையும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். அவள் தன் தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பழுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து பச்சை ஃபைலை மட்டும் உருவினாள். நின்றபடியே ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. ஜிப்பை மூடிப் பையைப் பழையபடி வைத்தாள்.

"அது உங்களோடதுதானே?" என்றார் அவர், கேட்டுவைப்போம் என்பதுபோல.

"ஒரே குடும்பம்தான். டிக்கெட்லயே போட்டிருக்கே."

அவர் தலையாட்டினார். டோக்கனை அவரிடமே விட்டுவிட்டு, மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே பேச்சு அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தது. காவலாளி வந்து, நாற்காலிகள் அந்தக் காலத்தவை, உட்காரக் கூடாது என்று விரட்டியபோதுதான் முடிந்தது. உண்மையில் அவை போன வருடம் கடையில் வாங்கியவை. எழுந்து போகும்போது இரண்டு பக்கமும் மற்றவர்தான் முதலில் எழுந்தார் என்று நினைத்தன. பையைத் திறந்து பார்த்த மாமியார் கவுன்டர்காரரிடம் போட்ட சத்தத்துக்கு இன்னொரு கூட்டம் கூடியது. அதுவும் படம் பிடித்தது.

அன்று இரவு அப்பா தன் தம்பிக்குப் போன் செய்து, அந்தம்மாவைப் பத்துப் பேர் முன்னால் வாயடைக்க வைத்ததாகச் சொன்னார். மேற்கே கான்ட்ராக்டர் தன் மனைவியிடம், கிழவரைப் பார்த்துக் கூட்டமே சிரித்ததாகச் சொன்னார். கணவன் ரயில் இன்ஜின் படத்தைப் போனில் எல்லாருக்கும் அனுப்பினான்.

திங்கட்கிழமை காலை மருத்துவமனை அலுவலகத்தில் அவளுடைய அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலை ஷிப்டில் அவள் வேலையில் சேர்ந்தாள்.