மஸ்கட்டில் மஃரிபு பாங்கு

என் மகள் ரிஃபாத்தின் கையில் அட்லஸைப் பார்த்தாலே எனக்குப் பயமாக இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளை, மற்றதுகளைப் போல போனை நோண்டிக்கொண்டு கிடக்கக் கூடாதா? எல்லாம் அந்த ஆரோக்கியம்மாள் டீச்சர் செய்த வேலை. வாரம் ஒருநாள் பிள்ளைகளை நூலக அறையில் உட்காரவைத்து, அகராதியில் சொல் தேடுவது, அட்லஸின் பின்பக்கப் பெயர் வரிசையில் ஊர் தேடுவது என்று சொல்லிக்கொடுக்கிறாராம். அதோடு விட்டாரா? "யாரு சொன்னாலும் உடனே நம்பாதீங்க, ரெண்டு எடத்துல பாத்துச் சரியா இருந்தாத்தான் சரி" என்று வேறு ஓதி அனுப்புகிறார். நல்ல படிப்பு!

எனக்கென்ன பயம் என்கிறீர்களா? அவளுடைய அத்தா, என் வீட்டுக்காரர் அப்துல் ஹாதி, ஊர் நினைப்பதுபோல மஸ்கட்டில் இல்லை. ஏஜென்ட் கொடுத்த விசா போலி என்று மும்பையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலை போட்டு எங்கள் பேகம்பூரே திரண்டு வழியனுப்பிய மனுஷன் எந்த முகத்தோடு திரும்புவார்? ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். "வேற விசா வர்ற வரைக்கும் வெளிய மூச்சு விடாத நர்கீஸ். ருக்சானா அக்காவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. பெறகு திண்டுக்கல் மண்ணையே மிதிக்க மாட்டேன்" என்று போனில் அழுதார். சொன்னால் செய்கிற ஆள் அவர்.

போன வாரம் பொழுதடையும் நேரத்தில், எங்கள் பள்ளிவாசலில் மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது, வாட்ஸ்அப்பில் பேசினார். பேசி முடித்ததும் ரிஃபாத் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவரில் தொங்கும் பள்ளிவாசல் தொழுகை நேர அட்டையைப் பார்த்தாள். பிறகு அட்லஸை விரித்தாள்.

"என்னத்தடி தேடுற?"

"சும்மாம்மா."

சும்மாவாம்! அட்லஸில் என்ன தேடுகிறாள் என்று கேட்டு மறுநாள் டீச்சரிடமே போய் நின்றேன். "ஊருக்கு ஊரு மணி ஏன் மாறுதுன்னு கேட்டா. எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுனேன். கெட்டிக்காரப் பிள்ளைம்மா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததும் அட்லஸை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தேன். சாயங்காலம் அது அவள் மடியில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ருக்சானா மதினி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. வந்தவர் டீயைக்கூடத் தொடவில்லை.

"ஏம்மா நர்கீஸ், தம்பி பேசுறப்ப பஸ் ஹாரன் அம்புட்டுக் கேக்குதே. அங்க இப்ப மணி என்னா?"

யா அல்லாஹ், தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"மூணரை, மாமி" என்றாள் ரிஃபாத்.

அட்லஸைத் தூக்கி வந்து பின்பக்கத்தைப் புரட்டி, பெயர் வரிசையில் விரலை ஓட்டி, பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இந்தா மஸ்கட். நமக்கு இப்ப மணி அஞ்சு. அங்க ஒன்றரை மணி நேரம் பின்னால. புஸ்தகத்துலயே போட்ருக்கு, பாருங்க. ஹாரனா? அங்க வண்டி ஓட்டுறது பூராம் நம்ம ஆளுகதானே."

மதினி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டீயை எடுத்துக் குடித்தார்.

அவர் தெரு முனை திரும்பும்வரை ரிஃபாத் வாசலில் நின்றாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, அன்னிக்கு அத்தா பேசுறப்ப போன்ல மஃரிபு பாங்கு கேட்டுச்சு. நம்ம பள்ளிவாசல்லயும் அதே நேரந்தான் சொன்னாங்க. மஸ்கட்ல அப்பப் பொழுதே அடையாதும்மா. இனிமே பாங்கு முடிஞ்ச பெறகு பேசச் சொல்லு. மாமி கவனிச்சிருவாங்க."

பாவி நான், இந்தப் பிள்ளையையா வேவு பார்த்தேன்? அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. அட்லஸில் இந்தியா இருக்கும் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊரு பேர மட்டும் சொல்லும்மா. எங்க இருக்குன்னு நானே தேடிக்கிறேன்."