இல்வா தொரேனின் முதல் ஆல்பம்

"அது பாட்டே இல்ல லா. யாரோ ஃபிரிட்ஜ தொறந்து வச்சிட்டு தூங்கிட்டான்."

"ஃபிரிட்ஜ் இல்லண்ணே. பனி உருகுற சத்தம். ஒரு வருஷம் பூரா ஆளே இல்லாத தீவுல தனியா உக்காந்து எடுத்திருக்கான்," என்றான் முன்சீட்டில் இருந்த ஜெரார்ட்.

"ஒரு வருஷம் சும்மா உக்காந்தவன் நடுவுல ஒரு பாட்டு பாடியிருக்கலாம்ல?" என்றார் காரை ஓட்டிய ரவிச்சந்திரன்.

பின்சீட்டில் இருந்த எலைன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது சிரிக்கலாம். ஆல்பம் முடிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது சிரித்திருந்தால் அந்தப் பனி மறுபடியும் முதலிலிருந்து உருகியிருக்கும்.

அதுதான் அவர்களுடைய சட்டம். ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஏதாவது ஒரு சனிக்கிழமையில், அந்த வருடம் வந்த ஆல்பங்களில் தங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் ரவிச்சந்திரனின் பழைய வீரா காரில் ஏறுவார்கள். ஆளுக்கு ஓர் ஆல்பம், ஆளுக்கு ஒரு சாலை. எந்தப் பாட்டையும் தாண்டக் கூடாது. போனைத் தொடக் கூடாது. முக்கியமாக, பேசக் கூடாது. யாராவது வாயைத் திறந்தால் ஆல்பம் முதல் பாட்டுக்குத் திரும்பிவிடும். போன வருடம் ஜெரார்டின் ஆல்பம் ஓடும்போது ரவிச்சந்திரனுக்குத் தும்மல் வந்தது. தும்மல் பேச்சில் சேருமா சேராதா என்று அவர் வாதாடியது பேச்சில் சேர்ந்துவிட, மூவரும் அலோர் ஸ்டார் வரை போய்த் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்த வருடம் ஜெரார்டின் பனியோடு தங்கள் ஊரான பாக்கார் ஆராங்கில் கிளம்பிப் பெண்டாங் வரை வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வயல். மூவரும் இறங்கி, கையில் ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் கிண்ணத்தோடு காரில் சாய்ந்து நின்றார்கள்.

"நீங்க என்ன போடப் போறீங்கன்னு கேக்கவே வேணாம்," என்றான் ஜெரார்ட்.

"பயாசா லா, எப்பவும் போல உறுமிதான்," என்றார் ரவிச்சந்திரன், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "ஒருநாள் உன் தீவுக்காரனயும் கூட்டிட்டு வா, நம்ம பையங்க நாலு அடி அடிச்சா பனி தானா உருகும். ஒரு வருஷம் உக்கார வேணாம்."

ரவிச்சந்திரன் கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். தைப்பூசத்துக்கென்று உறுமி மேளக் குழுக்கள் வெளியிடும் ஆல்பம் ஒன்று விடாமல் கேட்பவர். அதற்காகவே காரின் பின்பெட்டியில் ஒரு பெரிய வூஃபர் பொருத்தியிருந்தார். அது அடித்தால் நம்பர் பிளேட் நடுங்கும். பக்கத்துக் காரில் தூங்கும் குழந்தை எழுந்துகொள்ளும். ஜெரார்டோ உலகப்படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாத ஊர்களிலிருந்து மட்டும் இசை கேட்பவன். இணையத்தில் அவனுக்கு ஒரு பக்கம் உண்டு. வருடக் கடைசியில் அங்கே அவன் போடும் சிறந்த ஆல்பங்களின் வரிசையைப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும்கூட சிலர் காத்திருந்து படித்தார்கள். ஒரு நாட்டின் பெயர் பலருக்கும் தெரிய ஆரம்பித்ததும் அந்த நாட்டு இசை கெட்டுப்போய்விட்டது என்று எழுதிவிடுவான்.

எலைன் பட்டணத்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி வைத்திருக்கச் செய்வது அவள் வேலை. தன் வாயைத் திறப்பது பழக்கமில்லை. மீதி நேரமெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள். அடிக்குறிப்பு போட்ட பிறகும் புரியாமல் மிஞ்சும் தூரதேசத்து வார்த்தைகள்மேல் அவளுக்கு ஒரு மயக்கம் இருந்தது. அந்த மயக்கம் முற்றித்தான் இந்த வருடம் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அவளே ஓர் ஆல்பம் போட்டுவிட்டாள்.

சின்ன ஆல்பம். ஒரு கிட்டார், ஒரு குரல். ஜன்னலை மெத்தையால் அடைத்து, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்து பாடியது. பாட்டுகள் எந்த மொழியிலும் இல்லை. அவளே ஒரு மொழியை உண்டாக்கிக்கொண்டாள். அதற்கு ஒரு மலைநாட்டையும், அந்த நாட்டுக்கு ஓயாத காற்றையும், பாடகருக்கு இல்வா தொரேன் என்ற பெயரையும் உண்டாக்கினாள். குரல் தன்னுடையது என்று தெரியாமலிருக்க, கணினியில் அதைக் கனமாக்கி ஆண்குரலாக்கினாள். பிறகு இணையத்தில் ஏற்றினாள். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் அனேகமாக எல்லாரும் அவளே.

பெயரை மறைத்ததற்குக் காரணம் முன்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தது. சர்ச் இளையோர் பாடகர் குழுவை ஜெரார்ட் நடத்திய நாட்களில், எலைனைக் கடைசி வரிசையில் ஸ்டாண்ட் ஃபேன் பக்கத்தில் நிறுத்தி, "நீ வாய மட்டும் அசை மா. முகம் நல்லா இருக்கு, அது போதும்," என்று அன்பாகச் சொன்னவன் அவன்தான். அன்றிலிருந்து அவள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.

யார் பாடியது என்று தெரியாமல் இவர்கள் இருவரும் கேட்க வேண்டும். பிடித்தால் ஆல்பம் இருக்கும். பிடிக்காவிட்டால் இன்று வீட்டுக்குப் போனதும் அழித்துவிட்டு, கிட்டாரை அலமாரிக்குமேல் ஏற்றிவிடுவது. அப்படித்தான் அவள் முடிவு செய்திருந்தாள். அதனால் செண்டோல் இனிக்கவில்லை.

பெண்டாங்கிலிருந்து மெர்போக் வரை உறுமி அடித்தது. ஜெரார்ட் தலைவலிக்காரனைப் போல நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தான். மெர்போக்கில் ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில் கார் நின்றபோது மூவர் காதிலும் ரீங்காரம்.

"சரி தங்கச்சி, உன்னோடத போடு," என்றார் ரவிச்சந்திரன். "யாரு பாட்டு?"

"இல்வா தொரேன்," என்றாள் எலைன். "உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

ஜெரார்ட் மெல்லத் திரும்பினான். அவனுக்குத் தெரியாத ஒரு பெயர் இந்தக் காருக்குள் அதுவரை சொல்லப்பட்டதில்லை. அவன் முகத்தில் என்னவோ ஓடி மறைந்தது.

"ஓ, இல்வாவா?" என்றான். "இன்னும் பாடுறானா? முதல் ஆல்பத்தோட விட்டுட்டான்னு நெனச்சேன்."

எலைன் கண்ணைச் சிமிட்டக்கூட மறந்தாள். "முதல் ஆல்பமா?"

"ம். அது வேற லெவல் மா. அந்தப் பச்சையா இருக்கிற தன்மை அப்புறம் வரல. போடு, போடு. பாப்போம் எவ்வளவு கெட்டுப் போயிருக்கான்னு."

அவள் போட்டாள். கார் நகர்ந்தது. முதல் பாட்டு ஆரம்பித்தது. தன் குரல் தன்னுடையதில்லாமல், பின்பெட்டியிலிருந்து ஒரு மலைநாட்டு ஆளாக எழுந்து வந்து முதுகைத் தடவியது. ஜெரார்டின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. இரண்டாவது பாட்டு போயிற்று. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் வந்தன. மூன்றாவது பாட்டு ஆரம்பித்து, கிட்டார் தணிந்து, குரல் மட்டும் தனியாக நின்ற இடத்தில்,

பாஆஆம்... ப்பெக்!

ரவிச்சந்திரன் சடாரென்று பிரேக்கை மிதித்தார். காரை ஓரம் கட்டினார். ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "பாய்! ரெண்டு காயா ரொட்டி!" என்று கத்தினார்.

வெளியே செம்பனை மரங்கள் நின்றன. மோட்டார் சைக்கிள் எதுவும் இல்லை.

பாக்கார் ஆராங்கில் குடியிருக்கும் யாருடைய உடம்பும் அந்தச் சத்தத்துக்கு அப்படித்தான் திரும்பும். சாயங்காலத்தில் மோட்டார் சைக்கிளில், காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் வைத்த ரொட்டி விற்றுக்கொண்டு வரும் பாயின் ஹாரன் அது. ஒருதடவை வண்டியோடு வடிகாலில் விழுந்ததிலிருந்து அது முதலில் நீளமாக ஊதும். இரண்டாவதில் ஆட்டுக்குப் புரை ஏறினதுபோல் விக்கும். மெத்தை வைத்து அடைத்தும் அந்தச் சத்தம் உள்ளே வந்துவிட்டது எலைனுக்குத் தெரியும். ஆனால் அன்று பாடியதுபோல் அவளால் மறுபடி பாட முடியாததால் அப்படியே விட்டுவிட்டாள். இயர்போனில் அது கிட்டாருக்கு அடியில் எங்கோ கொசுபோலத்தான் கேட்டது. ரவிச்சந்திரனின் வூஃபரை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"பேசிட்டீங்க," என்றான் ஜெரார்ட். "முதல்லேருந்து."

"டே, அது நம்ம ரொட்டி பாய் டா!"

"அண்ணே, அது கொம்பு. மலையில ஆடு மேய்க்கிறவன் சாயங்காலம் ஊதுறது. வடக்குப் பக்கத்து ஆளுங்களோட வழக்கம். இவன் பாடுற பாஷையே வடக்குதான், தெக்குல இப்படி இழுக்க மாட்டாங்க."

"ஆடு மேய்க்கிறவன்கிட்ட காயா கெடைக்குமா?"

"எல்லாத்தையும் வயித்தால கேக்காதீங்கண்ணே. எலைன், நீயே சொல்லு."

எலைன் ஜன்னலைப் பார்த்தாள். "நான் அங்க போனதில்லண்ணே," என்றாள். அதில் பொய் ஏதும் இல்லை.

ஆல்பம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. இந்தத் தடவை ரவிச்சந்திரன் காரை உருட்டிக்கொண்டுதான் போனார். மூன்றாவது பாட்டில் கொம்போ ஹாரனோ மறுபடி ஊதியபோது அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் எலைன் இருந்தாள். காது மடல்கள் சிவந்து, மடியில் கையைப் பிசைந்துகொண்டு, பாட்டோடு சேர்ந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரிலும் இல்லாத மொழியின் ஒரு வார்த்தையும் பிசகாமல்.

ரவிச்சந்திரன் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துச் சாலையில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, சட்டம்.

நான்காவது பாட்டில் இன்னொன்று நடந்தது. அதை எலைன் மட்டும்தான் பார்த்தாள். ஜெரார்டின் விரல் அவன் முழங்காலில் தாளம் போட்டது. பனி உருகியபோது அந்த விரல் அசையவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை அது நிற்கவில்லை. முடிந்ததும் தன்னை யாரோ பார்த்துவிட்டதுபோல் சட்டென்று மடங்கியது.

பாக்கார் ஆராங்குக்குள் நுழைந்து, ஆல்பம் தீராததால் கடைவரிசையைச் சுற்றி, சந்து சந்தாகச் சுற்றி, கடைசிப் பாட்டு அடங்கியபோது எலைன் வீட்டுச் சந்துமுனையில் கார் நின்றது.

"சொல்லுங்க," என்றாள் எலைன்.

ரவிச்சந்திரன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "பாஷ ஒன்னும் புரியல. ஆனா அந்த நாலாவது பாட்டு... நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வருவேன்ல, வாசல்ல காடிய நிறுத்திட்டு எறங்காம உள்ளயே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. என் பொண்டாட்டி கேப்பா, பதில் இருக்காது. அது மாதிரி இருந்துச்சு லா. இனிமே அவ கேட்டா இந்தப் பாட்ட போட்டுருவேன்." கொஞ்சம் விட்டு, "ஆனா மேளம் இல்ல. அது குத்தம்தான்," என்றார்.

எலைன் தலையை ஆட்டினாள். கண்ணில் வந்ததை யாரும் பார்க்காமல் தோள்பட்டையில் துடைத்தாள். ஆல்பம் இருக்கும். கிட்டார் கட்டிலிலேயே கிடக்கும். அது முடிவாகிவிட்டது. ஆனாலும் அவள் இன்னும் முன்சீட்டுத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேளம் முதல் ஆல்பத்துல இருந்துச்சு," என்றான் ஜெரார்ட். "அதான் சொன்னேனே. இதுல மனுஷன் முதிர்ந்திருக்கான், ஒத்துக்கறேன். குரல்ல ஒரு வயசு தெரியுது. அம்பத்தஞ்சு இருக்கும். ஆனா முதல் ஆல்பத்துல இருந்த அந்த..."

பாஆஆம்... ப்பெக்!

இந்தத் தடவை வூஃபர் அணைந்திருந்தது. சந்துக்குள்ளிருந்து, ரொட்டிப் பாக்கெட்டுகள் இரண்டு பக்கமும் தொங்க, பாயின் மோட்டார் சைக்கிள் மெல்ல வந்து கார்ப் பக்கத்தில் நின்றது.

"என்ன ரவி தம்பி, காயாதானே?"

"ரெண்டு இல்ல பாய், மூணு குடுங்க." ரவிச்சந்திரன் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டார். "பாய், ஒரு சந்தேகம். நீங்க எப்பவாவது வெளிநாட்டுல மலைப் பக்கம் போயி ஆடு மேச்சீங்களா?"

"நானா? பக்கத்துல இருக்கிற கூலிமுக்கே போக நேரமில்ல தம்பி," என்ற பாய், எலைனைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன மா, இப்பெல்லாம் ஜன்னல்ல மெத்த காணோமே? மெத்த வச்சா பாப்பா பாடுதுன்னு அர்த்தம், நானும் ஹாரன மெதுவாத்தான் அடிக்கிறது. இது சனியன், மெதுவா அடிச்சாலும் ஊரக் கூட்டுது."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. காருக்குள் ரொட்டியும் காயாவும் மணத்தன. ரவிச்சந்திரன் ஒரு பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார், ஒன்றைப் பக்கத்தில் நீட்டினார். பக்கத்தில் யாரும் வாங்கவில்லை. ஜெரார்ட் எதிரே இருந்த வேலியை, அதில் எழுதியிருந்த ஏதோ ஒன்றைப் படிப்பவனைப் போல, பார்த்துக்கொண்டிருந்தான். வேலியில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவன் பின்னங்கழுத்து எலைனின் காதைவிடச் சிவந்திருந்தது.

இப்போது ஆல்பம் எதுவும் ஓடவில்லை. யாரும் பேசலாம். எலைன் ரொட்டியில் ஒரு வாய் கடித்து, நிதானமாக மென்று விழுங்கினாள். பிறகு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். கேலியாகத்தான் கேட்க நினைத்தாள். ஆனால் நான்காவது பாட்டில் அந்த விரல் நினைவுக்கு வந்ததால், குரல் உண்மையாகவே கேட்பதுபோல் வந்துவிட்டது.

"ஜெரார்ட் அண்ணே, அந்த முதல் ஆல்பம் என்கிட்ட இல்ல. எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்."