ரீலிங் பிரிவுக் கடிகாரம்

இண்டூர் சாலையில் இருந்த நூற்பாலையில் அப்துல் ரஷீதுக்கு எலக்ட்ரீசியன் வேலை. எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் பதினாறு வருடமாக மேனேஜர் அவனைத்தான் கூப்பிடுவார். 1987-ல் டிப்ளமோ படித்த குப்புராஜ் வந்ததும் அந்தக் குரல் திசை மாறிவிட்டது.

குப்புராஜ் வந்த வேகத்தில் ஆலை வாசலில் உள்ள கேட்டு அறையில் சிப் பலகை வைத்த தாய்க் கடிகாரம் ஒன்றை மாட்டினான். நிமிடத்துக்கு ஒரு தடவை அது கம்பி வழியே ஒரு துடிப்பை அனுப்பும். ஒவ்வொரு பிரிவிலும் உள்ள கடிகாரம் அதை எண்ணி, முள்ளை ஒரு நிமிடம் தள்ளும். ஆலை முழுக்க ஒரே நேரம். வருகிறவர்களிடமெல்லாம் மேனேஜர் அதைக் காட்டுவார். ரஷீதுக்கு வயிறு எரியும்.

ஒரு மாதத்தில், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பிரிவுக் கடிகாரம் மட்டும் முந்த ஆரம்பித்தது. மாலையில் சரிசெய்தால் காலையில் எட்டு நிமிடம் கூடுதலாகக் காட்டும். குப்புராஜ் அதன் சிப்பை மாற்றினான், பலகையை மேசையில் வைத்துப் பார்த்தான். மேசையில் எல்லாம் சரியாக ஓடியது.

திங்கட்கிழமை ரஷீத் அதைப் பார்த்துவிட்டான். பக்கத்து அறையில் பெரிய மோட்டாரைப் போட்ட நொடியில் ரீலிங் முள் துள்ளியது. கடிகாரக் கம்பியும் மோட்டார் கேபிளும் ஒரே குழாயில் போயின. மோட்டார் கிளம்பும்போது எழும் மின்துடிப்பையும் கடிகாரம் ஒரு நிமிடமாக எண்ணிக்கொள்கிறது. சொல்ல ஒரு வாக்கியம் போதும். வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கடுகடுக்க, குப்புராஜ் முகம் வாடியதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சோறு ருசித்தது.

வியாழக்கிழமை காலை ரீலிங் மேஸ்திரி மாது, அங்கே நூல் சுற்றும் தீர்த்தம்மாளைப் பிரிவு வாசலிலேயே நிறுத்தினான்.

"நேரமாச்சு. வூட்டுக்குப் போ."

"சங்கு ஊதுறப்பவே கேட்டுக்குள்ள வந்துட்டனுங்க."

"கடியாரத்தப் பாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோற்றுத் தூக்குப்போசியோடு திரும்பி நடந்தாள். ஐந்து மைல் நடந்து வந்தவள். எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ரஷீத் டம்ளரைக் கீழே வைத்தான்.

நேரே குப்புராஜிடம் போய், மாது தீர்த்தம்மாளைத் திருப்பி அனுப்பியதைச் சொன்னான். "மோட்டாரப் போடச் சொல்றேன். நீ முள்ளப் பாரு."

முள் துள்ளியது. மதியத்துக்குள் இருவரும் சேர்ந்து தனிக்குழாயில் புதுக் கம்பி இழுத்தார்கள். மேனேஜர் வந்தார்.

"கண்டுபிடிச்சது ரஷீத் பாய்தானுங்க சார்," என்றான் குப்புராஜ்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர். பாராட்டில் பங்கு கொடுத்தும் குப்புராஜ் நல்ல பெயர் வாங்குகிறானே என்று ரஷீதுக்கு மறுபடி எரிந்தது.

"எப்பங்க பாய் கவனிச்சீங்க?"

ரஷீத் கம்பி நறுக்குகளைப் பொறுக்கினான். "திங்கக்கெழம."

குப்புராஜ் அவனையே பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகினான்.

"வாங்க. அந்தம்மா மேல தப்பில்லேன்னு மாதுகிட்டச் சொல்லீட்டு வருவோம்."

"நான் சொல்றேன்," என்று ரஷீத் முன்னால் நடந்தான்.