வேலிக்கு வெளியே போன புகை

எகிப்தின் ஹுர்கதா கடற்கரையில் எங்கள் ஹோட்டலின் கொதிகலன் வஜ்தியின் பொறுப்பு. விருந்தாளி ஒருவர் ஓர் இரவு தங்கினால் எத்தனை கிலோ கார்பன் வெளியேறுகிறது என்று கணக்கெடுப்பவனும் அவன்தான். இரண்டு வருடம் நீராவிக் குழாய்களின் ஒழுக்கை ஒவ்வொன்றாக அடைத்து, முப்பத்தொன்றை இருபத்தாறுக்குக் கொண்டுவந்தான். பசுமைச் சான்றிதழுக்கு அது பதினெட்டுக்குள் இருக்க வேண்டும்.

மேலாளர் ஃபிக்ரி சுலபமான வழி கண்டுபிடித்தார். எங்கள் சலவைக்கூடத்தை மூடினார். அழுக்குத் துணியெல்லாம் லாரியில் ஏறி, தஹார் பகுதியில் ஒரு தனியார் சலவைக்குப் போனது. அங்கே எரிப்பது கரும்புகை கக்கும் கசட்டு எண்ணெய். வீடுகளுக்கு நடுவே குட்டைப் புகைபோக்கி. எங்கள் சலவைப் பெண்கள் பதினொரு பேரில் நால்வருக்குத்தான் அங்கே வேலை கிடைத்தது. அவர்களில் ஒருத்தி வஜ்தியின் மனைவி நஜாத்.

ஹோட்டலின் கணக்கு பதினேழுக்கு இறங்கியது. வஜ்தி தஹாருக்குப் போய், அங்கே எரியும் எண்ணெயையும் லாரியின் டீசலையும் விசாரித்து வந்து கூட்டிப் பார்த்தான். முப்பத்துநான்கு.

"சார், புகை குறையல, கூடியிருக்கு. இடம்தான் மாறியிருக்கு."

"ஏம்ப்பா, அந்தப் புகைபோக்கி நம்மளுதா? அடுத்தவன் புகையை நீ ஏன் எண்ணுற?" என்றார் ஃபிக்ரி.

கெய்ரோவிலிருந்து தணிக்கைக்கு வந்த அம்மாளிடம், ஃபிக்ரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வஜ்தி தன் தாளை நீட்டினான். அவள் இரண்டு முறை படித்தாள்.

"கணக்கு சரிதான் இன்ஜினியர். ஆனா என் படிவம் உங்க வேலியோட முடிஞ்சிடுது. இதை எழுத அதுல கட்டமே இல்ல."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சான்றிதழ் வந்தது. வஜ்தியை நீச்சல்குளத்துப் பம்புக்கு மாற்றினார்கள். நஜாத் வீட்டில் காத்திருந்தாள்.

"உண்மையைச் சொன்னியாமே, பெரிய வீரன்! நாளைக்கு என்னையும் துரத்திட்டா?"

"நீ இருமிக்கிட்டே இருக்க, நஜாத்."

"இருமுறது நான்தானே? உன்னை யாரு வக்காலத்து வாங்கச் சொன்னா?"



மறு வருடம் மேலும் இரண்டு ஹோட்டல்கள் தங்கள் துணியைத் தஹாருக்கு அனுப்பின. அங்கே இரண்டாவது புகைபோக்கி எழுந்தது. ஹோட்டல்காரர்கள் கூட்டத்தில் கார்பனைக் குறைத்ததைப் பற்றி ஃபிக்ரி பேசினார்; பேச்சின் நடுவே கையை நீட்டி, "இதெல்லாம் எங்க வஜ்தியோட உழைப்பு. எழுந்திருப்பா!" என்றார்.

அரங்கமே கை தட்டியது. வஜ்தி எழுந்தான். உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தான்.