ஆடாமல் ஓடிய மெஷின்

என் கணவரின் தம்பிக்கு ஒரு ராசி உண்டு. எதைத் திறந்து மூடினாலும் இரண்டு திருகு மிச்சம் வரும். வாஷிங் மெஷின் ரிப்பேரில் இருபது வருட சர்வீஸ். மிச்சத் திருகுகளைப் போட்டுவைக்கும் டப்பா இப்போது மூன்றாவது. அவர் கையில் போய் என் மெஷினைக் கொடுத்தேன் என்றால், எனக்கு எவ்வளவு நெருக்கடி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் கல்லுக்கு மெருகு போடுவது. மேசைக் கடிகாரங்களுக்கு முகப்பாக வைக்கும் வட்டக் கற்கள். மெஷினில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு தட்டு. அதில் சாணைத்தூளும் தண்ணீரும் விட்டு, கற்களைக் குப்புறப் படுக்கவைத்து, சுவிட்சைப் போட்டால் தட்டு நடுங்கும். அந்த நடுக்கத்தில் கற்கள் தாமாக ஊர்ந்து ஊர்ந்து தேயும். பத்து நாள் ஓயாமல் ஓடவேண்டும். எனக்கு இல்லாத பொறுமையெல்லாம் அதற்கு உண்டு.

போன மாதம் அது கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் கிளினிக். நான் குடியிருக்கும் பக்கமும் அவருக்குச் சொந்தம்.

"ஏம்மா, மரத்துப்போற ஊசி போட்டு உக்கார வெச்ச ஆளு, உங்க சத்தத்துல எந்திரிச்சு ஓடுறாரு. எனக்கே கை நடுங்குது" என்றார். மறுநாள் என் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்காவிட்டால் மெஷின் வெளியேற வேண்டும். மெஷின் போனால் நானும் போகவேண்டியதுதான். மூன்று வீடு கேட்டுப் பார்த்தேன். ராத்திரி பகலாக நடுங்கும் மெஷினுக்கு இடம் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

கொழுந்தன் வந்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டு அரைநாள் வேலை பார்த்தார். கூப்பிட்டபோது ஒரு திருகுகூட மிச்சமில்லை! மெஷினை ஓடவிட்டு, அதன் மூடிமேல் விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எப்படி அண்ணி?" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.

கைதட்டினேன். ஆமாம், நான்தான். சத்தம் போன சந்தோஷத்தில் என் மூளையும் சேர்ந்து போயிருந்தது. பல் டாக்டர்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "புண்ணியமாப் போச்சும்மா" என்றார்.

ஏழு கற்களை வைத்து மூடினேன். திறந்தால் தூசி விழும் என்று தொடவே இல்லை. ஐந்தாம் நாள் கற்களைத் திருப்பிப் பார்த்தேன். கற்களின் முகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைப்பது வழக்கம். தேய ஆரம்பித்தால் முதலில் போவது அந்தக் கோடுதான். ஏழு கல்லிலும் கோடு போட்டது போட்டபடி இருந்தது. மாதம் முடிய இரண்டே நாள்.

மெஷினின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, கொழுந்தனை வரவழைத்தேன்.

"தம்பி, மோட்டார் தண்டுல ஒரு இரும்புத் துண்டுதானே இருந்துச்சு? இப்ப ரெண்டு இருக்கே?"

"அதை ஏன் கேக்குறீங்க அண்ணி! ஒரு பக்கம் மாட்டிட்டு, மறுபக்கம் மாட்ட மறந்துட்டானுங்க. அதான் அந்த ஆட்டம். அதே எடைக்கு ஒண்ணு செஞ்சு வெல்டிங் வெச்சுட்டேன்."

"அது ஆடறதுக்குத்தான் தம்பி ஒரு பக்கம் மட்டும் வெச்சிருக்கு!"

"ஆடறதுக்கா? எந்த மடையன் அண்ணி ஆடறதுக்குன்னு மெஷின் வாங்குவான்?"

"நான்தான்."

அவரைப் பார்க்க பாவமாகத்தான் இருந்தது. இருபது வருடத்தில் திருகு மிஞ்சாத ஒரே வேலை. வெல்டிங்கும் அவ்வளவு சுத்தம்.

"அப்ப கடகடன்னு சத்தம் எதுல வந்துச்சு?" என்றேன்.

"அடியில நாலு போல்ட் லூசு. அதையும் முறுக்கிட்டேனே" என்றார் சுரத்தில்லாமல்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் மகராசன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது துண்டை அறுத்தெடுக்கச் சொன்னேன். சத்தம் இனி வராது. சுவர் வழியாகப் போகும் நடுக்கத்தை என்ன செய்வது? டாக்டர் விடுவாரா? சுவிட்சில் வைத்த கை அப்படியே நின்றது.

கதவு தட்டப்பட்டது. டாக்டரேதான். கையில் ஒரு பல்செட் அச்சு, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக.

"ஏம்மா, மெஷினை இப்ப ஓட்டுறதில்லையா?"

"ஏன் டாக்டர்?"

"இந்த அச்சுக்கு மாவு கரைச்சு ஊத்தி, உங்க பக்கத்துச் சுவர்ல இருக்கிற அலமாரியிலதான் காயவெப்பேன். அஞ்சு நாளா எல்லாம் ஓட்டை ஓட்டையா வருது. முன்னாடி நடுக்கத்துல காத்துக் குமிழியெல்லாம் மேல வந்து உடைஞ்சிருக்கு போல. இன்னிக்கு ஒருத்தர் புதுப் பல்லோட திரும்பி வந்துட்டாரு. பேசினா அவரு வாய்தான் கடகடன்னு ஆடுது."

எனக்கு அழுகை வந்தது. சிரித்துச் சமாளித்தேன். கொழுந்தன் அறுத்த இரும்புத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இனி சத்தம் இருக்காது சார், ஆட்டம் மட்டும்தான். நானே பார்த்து வெச்சிருக்கேன்" என்றார், கூசாமல்.

"அப்ப போடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"போடுறேன். அதுக்கு முன்னாடி, கதவுல ஒட்டினீங்களே ஒரு காகிதம், அதை நீங்களே எடுத்துடுங்க."

அவர் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, வலிக்காமல் பல் பிடுங்குகிற மாதிரி மெல்ல ஆட்டி ஆட்டி, முழுசாக உரித்தெடுத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.