பதினோரு மணிக்கு இணைப்பைப் போடவும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது என்னிடம் கதையாக வரவில்லை, அலுவலக வேலையாக வந்தது.

இது 2004. கொல்கத்தாவின் கரியாஹாட்டில் ஒரு ரத்ததானப் பதிவகத்தில் ஆவணங்கள் எழுதித்தரும் வேலை எனக்கு. நகரத்து மருத்துவமனைகள் பலவும் ரத்தம் வேண்டுமென்றால் எங்களுக்குத்தான் போன் செய்யும். நாற்பதாயிரம் கொடையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எங்கள் கணினியில் இருந்தன. கணினி படுத்துவிட்டால் என்ன செய்வதென்று ஒரு 'பேரிடர் மீட்புத் திட்டம்' எழுதச் சொன்னார்கள். நாற்பத்திரண்டு பக்கம் எழுதினேன். வெள்ளம் வந்தால் இது, தீப்பிடித்தால் அது. நடக்காததை நடந்ததுபோல எழுதச் சொல்கிறார்கள், அதற்கு ஒரு அலுவலகமே காத்திருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

2

தொடக்கம், முதல் வரைவு: "கொல்கத்தாவின் வானம் அன்று நிர்மலமாக–" வேண்டாம். வானம் பிறகு வரும், அதுவும் முக்கியமான இடத்தில்.

இரண்டாம் வரைவு: கரியாஹாட்டில் இரண்டு கணினிகள் அருகருகே இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றது வேலையை வாங்கிக்கொள்ளும். ஆனால் இரண்டுக்கும் சேமிப்புப் பெட்டி ஒன்றே. அந்தப் பெட்டியில் எழுதப்படுவதெல்லாம் ஒரு கம்பி வழியாக அடுத்த நொடியே ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கும் இன்னொரு பெட்டியிலும் எழுதப்படும். அங்கே மூன்றாவது கணினி ஒன்று, அழைப்பு வந்தால் போதும் என்று சும்மா நிற்கும். (ஞாயிறுதோறும் எல்லாவற்றையும் நாடாவில் பிரதி எடுப்பதும் உண்டு. இதை நினைவில் வையுங்கள்.)

இது தேறும். மேலே போகலாம்.

3

கோமதி. லேக் மார்க்கெட்டில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அந்தக் கணினி அறையின் ஒவ்வொரு வயரையும் எட்டு வருடமாகத் தன் கையால் இழுத்துக் கட்டியவள். முந்தைய வரைவில் அவளை மிகவும் நிதானமானவளாக எழுதியிருந்தேன். பொய். கோமதி நகம் கடிப்பாள், போனில் கத்துவாள்.

செப்டம்பர் பதினேழு, விஸ்வகர்மா பூஜை. இயந்திரம் உள்ள இடமெல்லாம் பூஜை நடக்கும் நாள். சால்ட் லேக் அறையைப் பார்த்துக்கொள்ளும் பிமல்தா காலையிலேயே அவளைப் போனில் கூப்பிட்டார். (வங்காள மரியாதையில் தீதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்.)

"தீதி, இன்னைக்கு மெஷினை வேலை வாங்கக் கூடாது. பாவம், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

கோமதி வீட்டில் சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தை அடுக்கி வைத்துவிட்டால் மறுநாள்வரை ஒரு எழுத்துப் படிக்க மாட்டார்கள். அவளால் எப்படி மறுக்க முடியும்?

"சரி தாதா. ஒன்பதரைக்குக் கம்பியை உருவிடுங்க. பதினோரு மணிக்கு மறுபடி போட்டுடணும்."

யாரிடமும் அவள் அனுமதி கேட்கவில்லை. பிமல்தா அதைச் சீட்டில் எழுதிக் கணினியின் நெற்றியில், சாமந்தி மாலைக்குக் கீழே ஒட்டினார்: பதினோரு மணிக்கு இணைப்பைப் போடவும்.

4

பத்து நாற்பதுக்கு எங்கள் மேலாளர் ராஜாராமன், இரண்டு முறை பதிவான பெயர்களை நீக்குகிறேன் பேர்வழி என்று, கட்டளையில் ஒரு வரியை விட்டுவிட்டார். நாற்பதாயிரம் பெயரும் போயின. முதல் கணினியில் பார்த்தார்கள், காலி. இரண்டாவதிலும் காலி. பெட்டி ஒன்றுதானே!

அதே நேரம் ஒரு மருத்துவமனையிலிருந்து போன். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண். பம்பாய் ரத்த வகை, ஆயிரக்கணக்கானோரில் ஒருவருக்குத்தான் இருக்கும். எங்கள் பட்டியலில் அந்த வகைக்காரர்களில் ஊரில் இருந்தவர் பெஹாலா பகுதிப் பள்ளி ஆசிரியை ஒருவர் மட்டுமே. அவர் பதிந்துகொண்டது அந்த வாரப் புதன்கிழமை; அபூர்வ வகை என்பதால் அவர் வந்தது நினைவிருந்தது, பெயரும் எண்ணும் யாருக்கும் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாடாவில் அவர் இல்லை.

அவர் இருந்த ஒரே இடம், மாலை போட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டி.

கோமதி கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பியைப் போட்டால் இங்கே உள்ள வெறுமை அங்கேயும் அப்படியே எழுதப்பட்டுவிடும். மணி பத்து ஐம்பத்திரண்டு. சால்ட் லேக்குக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி.

5

முடிவு அ: பத்து ஐம்பத்தொன்பதுக்கு, கை கம்பியைத் தொடும் நொடியில் பிமல்தா போனை எடுக்கிறார். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கோமதி டாக்ஸி பிடித்து– (விஸ்வகர்மா பூஜையன்று கரியாஹாட் முனையில் டாக்ஸியா?)

நடந்தது இதுதான், நம்பினால் நம்புங்கள். அன்று ஊர் முழுக்கப் பட்டம் விடும் நாள். பிமல்தா ஐம்பது வயதில் மொட்டைமாடியில் நின்று பக்கத்துக் கட்டடத்துப் பட்டத்தை அறுத்துக்கொண்டிருந்தார். வெற்றி ஜோரில் சீட்டையே மறந்துபோனார். பதினொன்று பன்னிரண்டுக்கு இறங்கிவந்து போனை எடுத்தார்.

"தாதா, கம்பியைத் தொடாதீங்க!"

"ஐயோ தீதி, மன்னிச்சுக்கோங்க, நேரமாயிடுச்சு, இதோ போட்டுடறேன்–"

"தொடாதீங்கன்னு சொல்றேன்!"

என் திட்டத்தில் மூன்றாவது கணினியை எழுப்பும் பதினான்கு படிகளையும் கோமதி போனிலேயே படித்தாள். பதினொன்று ஐம்பதுக்கு அது விழித்தது, எண் கிடைத்தது. ஆசிரியை எப்படியோ ஒரு ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள்.

(அடிக்குறிப்பு: கம்பியின் இந்தப் பக்கத்து முனை கோமதியின் முழங்காலுக்கருகேதான் இருந்தது. அதை உருவியிருந்தால் போதும்! அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் இந்தப் பகுதியை எழுதும்போதுதான் தோன்றியது. உடனே போய்ச் சொன்னேன். குனிந்து அந்த முனையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அதையும் எழுதுங்கோ" என்றாள்.)

6

எழுதுவதா? மறுநாள் ராஜாராமன் என்னைக் கூப்பிட்டார்.

"விசு, நேத்து நடந்ததைத் திட்டத்துல கடைசிப் பக்கமா சுருக்கமா எழுதிடுங்கோ. மெயின் போச்சு, ஸ்டாண்ட்பை வந்தது, திட்டம் ஜெயிச்சாச்சு. சிலிகுரி பதிவகத்துக்கும் இதே பிளான்தான் போறது."

கோமதி என் மேஜையருகே வந்து நின்றாள்.

"கம்பியை உருவச் சொன்னது நான். உண்மையை எழுதினா என்னை அந்த கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள விடமாட்டா, தெரியும்."

"எழுதலேன்னா?"

"சிலிகுரியில நாளைக்கு ஒருத்தர் இதே மாதிரி அழிப்பார். அங்கே கம்பி போட்டே இருக்கும். உங்க நாற்பத்திரண்டு பக்கத்துல, இங்கே தப்பா அழிச்சா அங்கேயும் அழியும்னு ஒரு வரி இருக்கா?"

இல்லை. வெள்ளம் இருக்கிறது, தீ இருக்கிறது. ராஜாராமன் இல்லை.

"அப்போ எழுதட்டுமா?" என்றேன்.

அவள் கணினி அறைக் கதவைப் பார்த்தாள்.

7

ஆகவே பக்கம் நாற்பத்துமூன்றை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் திட்டம் ஜெயிக்கிறது, கோமதி தன் அறையில் இருக்கிறாள். மற்றதில் ஒரு மாலை, ஒரு சீட்டு, ஒரு பட்டம், முழங்காலருகே ஒரு கம்பி எல்லாம் இருக்கின்றன, கோமதி மட்டும் தன் அறையில் இல்லை. சிலிகுரிக்கான தபால்பையை நாலு மணிக்குக் கட்டிவிடுவார்கள். இப்போது மூன்றரை.

என்னால் முடியவில்லை. நீங்கள் ஒன்றை எடுங்கள், மற்றதை அழித்துவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம். கம்பியை மறுபடி போட்டாயிற்று. இங்கே அழிவது அடுத்த நொடி அங்கேயும் அழியும்.