ஈயம் நிறையாத குண்டுகள்

தோட்டா செய்யும் அழுத்தியின் பிடியை இறக்கியதுமே ரோவினாவின் கைக்குத் தெரிந்துவிட்டது. குண்டு பித்தளைக் குப்பியின் வாய்க்குள் இறங்கும்போது உள்ளங்கையில் எப்போதும் ஒரு சின்ன இறுக்கம் தெரியும். இன்று அது இல்லை. தோட்டாவை எடுத்து அதன் முனையை மேசைப் பலகையில் அழுத்தினாள். குண்டு அப்படியே வழுக்கி வெடிமருந்துக்குள் போய் உட்கார்ந்தது. இப்படி ஒன்றைத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறிவிடும். துப்பாக்கி தாங்காவிட்டால் போவது சுடுகிறவனின் முகம்தான்.

குண்டுகள் வந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். போன வருஷம் பாதி தீர்ந்து மிச்சமிருந்த பெட்டி.

அவர்கள் வீட்டில் தோட்டா செய்வது ரோவினா, சுடுவது அவள் கணவன் ஹால்வர். கல்யாணமான புதிதில் பண்ணைக் கொட்டகையில் அந்த இரும்பு அழுத்தியைப் பொருத்தியது முதல் இப்படித்தான். அவர்கள் ஊரான ஆகஸ்டாவைச் சுற்றியுள்ள மலைகளில் ஹால்வர் சுட்டு, கையில் கிடைக்காமல் போன விலங்கு என்று ஒன்றுகூட இருந்ததில்லை. போன நவம்பர் வரைக்கும்.

அன்று ஓடைக் கரையில் ஒரு பெரிய ஆண் எல்க் மான் பக்கவாட்டில் நின்றது. ஹால்வர் முழங்காலிட்டுச் சுட்டான். மான் தடுமாறியது, விழவில்லை. பைன் மரங்களுக்குள் போய்விட்டது. ரத்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பனி கொட்டித் தடத்தை மூடியது. மறுநாளும் ஹால்வர் இருட்டும் வரை தேடினான். எங்கோ ஒரு மூலையில் அது கிடந்து செத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பே அவனைத் தின்றது. அந்தக் கோடையிலிருந்தே அவன் வலது கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. காபிக் கடையில் எல்லாரும் இருக்கும்போது அவன் தம்பி ஆர்னி, "கோப்பையே பிடிக்க முடியல, துப்பாக்கி எதுக்குக் கிழவா? ரோகிட்ட குடுத்துட்டு நீ சமையலப் பாரு" என்று சிரித்தான். ஹால்வர் வீட்டுக்கு வந்து துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

ரோவினா ஒரு குண்டை இடுக்கியில் இறுக்கி, ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தாள். வெளியே பார்க்க மற்றவை போலத்தான் இருந்தது. உள்ளே ஈயம் அடிவரை நிறையவில்லை. சொத்தைப் பல் போல ஒரு குழி. செம்புத் தோல் ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் காகிதம் போல மெலிந்தும் இருந்தது. இன்னொன்றை அறுத்தாள். அதில் குழி இன்னும் பெரியது.

சுத்தியல் போன்ற பிரிப்பானை எடுத்து, அன்று செய்து முடித்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரிக்க ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு ஹால்வர் வந்தான்.

"என்னத்த உடைச்சுக்கிட்டு இருக்கே? வீடு வரைக்கும் கேக்குது."

அவள் அறுத்த பாதியை நீட்டினாள். அவன் ஜன்னல் வெளிச்சத்தில் அதை வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு மோசமா இருந்தா எல்லாம் மோசமா? என் கை ஆடிடுச்சு ரோ. அவ்வளவுதான்."

"ஆடியிருக்கலாம். இல்லேன்னு நான் சொல்லல. நான் மருந்து போட்டதுல தப்பு இருந்திருக்கலாம். குண்டே தப்பா இருக்கலாம். எதுன்னு தெரியாமலே நீ துப்பாக்கிய உள்ள வெச்சுப் பூட்டிட்டே. எனக்குத் தெரிஞ்சாகணும்."

"உன் தப்பா இருந்துட்டா?"

"ஒத்துக்கறேன். அப்புறம் உன் தோட்டாவ நீயே பண்ணிக்கோ."

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அறுத்த பாதியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

தளர்வாக இருந்த குண்டுகளை அவள் ஒரு தகர டப்பாவில் போட்டு ஒதுக்கினாள். அவற்றைச் சுடுவதாக இல்லை. அதே பெட்டியில் இறுக்கமாகப் பொருந்தியவற்றை மட்டும் எடுத்துத் தோட்டா செய்தாள். கூடவே, வேறொரு கம்பெனியின் குண்டுகளிலும் அதே எடை, அதே மருந்து அளவு, அதே குப்பி வைத்து ஒரு வரிசை செய்தாள். தன் கைவேலையில் குற்றமிருந்தால் இரண்டு வரிசையும் சேர்ந்தே கெட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள பழைய சரளைக் குழிக்கு ஹால்வரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆர்னியையும் வரச் சொல்லியிருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் இப்போது குறி தவறாதவன் அவன்தான். அதை அவனே எல்லாரிடமும் சொல்வான்.

"புதுசா ரெண்டு வகை பண்ணியிருக்கேன். சுட்டுப் பாத்துச் சொல்லு" என்றாள்.

மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, வேறு கம்பெனிக் குண்டுகளை ஆர்னி முதலில் சுட்டான். குறிக் காகிதத்தில் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு விழுந்தன.

"பாத்துக்க கிழவா, இதுக்குப் பேருதான் சுடறது."

பிறகு அவள் பழைய பெட்டிக் குண்டுகளில் செய்த வரிசையைக் கொடுத்தாள். முதலாவது காகிதத்தின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்தது குறுக்காகப் போய்ச் சாவித் துளை மாதிரி ஓட்டை போட்டது. அதற்கடுத்தது காகிதத்துக்குப் போய்ச் சேரவே இல்லை; பாதி வழியில் குண்டு சிதறி, சாம்பல் நிறக் கோடு ஒன்று காற்றில் தெரிந்து மறைந்தது. ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக் குழாயில் எதுவும் தங்கவில்லை என்று பார்த்த பிறகே ரோவினா அடுத்ததைக் கொடுத்தாள்.

ஆர்னியின் காது சிவந்தது. "துப்பாக்கி மேல இருக்கிற தொலைநோக்கி லூசாயிடுச்சு போல."

"திருகிப் பாரு."

திருகினான். கல் போல இருந்தது. "அப்போ காத்து."

"காத்தா? உன் தொப்பி நூல்கூட அசையல."

ஹால்வர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுத்திருந்தான். ரோவினா அறுத்த குண்டை ஆர்னியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போன வருஷம் உங்க அண்ணன் சுட்டது இந்தப் பெட்டிதான்."

ஆர்னி அதைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். "காபிக் கடையில நான் சொன்னது..."

"சொன்னே" என்றான் ஹால்வர். "எல்லார் முன்னாடியும் சொன்னே."

"எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கிக்கறேன்."

"முதல்ல காபி வாங்கு."

மறுநாள் ரோவினா குண்டுக் கம்பெனிக்கு போன் செய்தாள். ஒரு இளைஞன் பேசினான். "மேடம், வீட்டுல தோட்டா பண்றவங்க சில சமயம் அதிகமா அழுத்தி நசுக்கிடறாங்க."

"நான் நசுக்கினா வெளியில நசுங்கும் தம்பி. உள்ள இருக்கிற ஈயத்த நான் எப்படி எடுப்பேன்?"

"புதுப் பெட்டி ஒண்ணு அனுப்பறோம்."

"எனக்குப் பெட்டி வேண்டாம். இதே தயாரிப்பு எண் போட்ட பெட்டி எங்க ஊர்க் கடையில இன்னும் விக்கறாங்க. அத நிறுத்தச் சொல்லுங்க."

மேலே சொல்வதாகச் சொல்லி அவன் வைத்துவிட்டான். அவள் காத்திருக்கவில்லை. நேரே கடைக்குப் போய்க் கடைக்காரரிடம் குண்டின் இரண்டு பாதிகளையும் காட்டினாள். அவர் அந்தப் பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கி, வாங்கிப் போனவர்களுக்குத் தானே போன் போட்டார். ரோவினா கம்பெனியையும் விடவில்லை. காலையில் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து தவறாமல் கூப்பிட்டாள். அவள் குரல் கேட்டதும் அந்த இளைஞன் பெருமூச்சு விடுவது இவளுக்குக் கேட்கும். கடைசியில் ஒரு இன்ஜினியர் பேசி, குண்டுகளை அனுப்பச் சொன்னார். அந்த எண்ணுள்ள பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாகப் பிறகு அறிவிப்பு வந்தது. அதில் மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டினாள்.

ஹால்வர் துப்பாக்கியை வெளியே எடுத்தான். நல்ல குண்டுகளோடு சரளைக் குழிக்குப் போய் நின்றுகொண்டு சுட்டான், ஓட்டைகள் சிதறின. படுத்துக்கொண்டு, முதுகுப்பையை முட்டுக்கொடுத்துச் சுட்டான், கூடி வந்தன.

"ஆக ரெண்டுமே. குண்டும் மோசம், கையும் மோசம்."

"கைக்கு வழி இருக்கு" என்றாள் ரோவினா. "படுத்துச் சுடு. கிட்டப் போய்ச் சுடு. டாக்டர்கிட்ட போ."

"மூணாவது எதுக்கு?"

"மூணும் சேத்துதான். இல்லேன்னா தோட்டா கிடையாது."

போனான். டாக்டர் சொன்ன நோயின் பெயர் இருவருக்கும் பிடிக்கவில்லை. மாத்திரை கொஞ்சம் உதவியது.

நவம்பரில் மூவரும் மலை ஏறினார்கள். காலையில் எதிர்ச் சரிவில் ஒரு ஆண் மான் கொம்பை உயர்த்தி நின்றது. ஹால்வர் படுத்து, குறிபார்த்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டான்.

"சுடேன்!" என்று ஆர்னி பல்லைக் கடித்தான்.

"தூரம். என் கைக்குத் தூரம்."

மான் சாவகாசமாக மேய்ந்துகொண்டே மறைந்தது. மதியம் ஆஸ்பன் மரங்களுக்கிடையே ஒரு பெண் மான், கன்றில்லாதது, மிக அருகில் வந்து நின்றது. ஹால்வர் விழுந்து கிடந்த மரக்கட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து, மூச்சை விட்டு, சுட்டான். மான் சில அடி நடந்து, முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது.

அவன் போய் அதன் கழுத்தில் கை வைத்துக் கொஞ்ச நேரம் மண்டியிட்டிருந்தான். பிறகு கத்திக்குக் கை நீட்டினான்.

"கை ஆடுதே, நான் அறுக்கவா?" என்றான் ஆர்னி.

"நீ கால்களப் பிடி. வாயைக் கொஞ்சம் மூடு."

ஆர்னி கால்களைப் பிடித்தான். ரோவினா இறைச்சிப் பைகளை உதறி விரித்தாள். வண்டி வெகு கீழே நின்றது. எல்லாவற்றையும் இறக்கி முடிக்க இரண்டு நடையாவது ஆகும். வெட்டி முடிந்ததும் அவள் ஒரு தொடைப் பகுதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதலில் இறங்கத் தொடங்கினாள்.